வாப்பாவின் பத்மினிக்கு ஜிப்சி என்ஜின் போடலாமா?

கேள்வி: எங்க வாப்பா 1982-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கீழக்கரை வீட்டில் நிற்கிறது. ஆயில் குடிக்கிறது. ராமநாதபுரம் வரை ஒழுங்காகப் போகும். பரமக்குடி எட்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிடும். மதுரையில் பழைய வண்டி உடைக்கிற கடை ஒன்றில் மாருதி ஜிப்சியின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) என்ஜின், கியர்பாக்ஸோடு கிடைக்கிறது. இங்கே விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், "மவுண்டிங் மட்டும் வெல்டு அடித்தால் உட்கார்ந்துவிடும்" என்கிறார். பொருந்துமா? வேறு என்னென்ன மாற்ற வேண்டும்? ஆர்.சி.யில் சிக்கல் வருமா? ஏ.சி.யும் போட ஆசை.
– வாசகர், கீழக்கரை

பதில்: என்ஜின் பொருந்தும். பத்மினியில் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. ஜிப்சியிலும் என்ஜின் பானட்டுக்குக் கீழே நீளவாக்கில்தான் இருக்கிறது. மாருதி 800, எஸ்டீம் போலக் குறுக்கே உட்காருவதில்லை என்பதால் உங்கள் மெக்கானிக் தேர்ந்தெடுத்த என்ஜின் சரியானதுதான். தவறு "மவுண்டிங் மட்டும்" என்ற சொல்லில் இருக்கிறது. மவுண்டிங் இந்த வேலையில் சிறு பங்கு. என்ஜின் வாங்கும் காசைப் போல இரண்டு மடங்காவது ரேடியேட்டர், ஷாஃப்ட், வயரிங், பெட்ரோல் லைன், பிரேக், டின்கரிங் என்று போகும்.

முதலில் ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே 2019-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பழுதான என்ஜினுக்குப் பதிலாக அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினை ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கிப் போட்டு, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வேறு கம்பெனி என்ஜின், வேறு சி.சி., கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்‌ஷன் என்றால் அந்த வழி அடைபடும்.

"யார் பானட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று கடைக்காரர் சொல்வார். உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிந்து பல காலம் ஆகிறது. 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதைவிட எனக்குக் கவலை இன்ஷூரன்ஸ்தான். ஈசிஆரில் ஆள்மேல் மோதிவிட்டால், பாலிசியில் 1089 சி.சி. என்றும் பானட்டுக்குள் 1298 சி.சி. என்றும் இருப்பது கம்பெனி பணம் தர மறுக்கப் பார்க்க இடம் கொடுக்கும்.

வண்டி 2032-ல் 50 வயதைத் தொடும். 2021-ல் வந்த விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. விண்டேஜ் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாதுதான். ஆனாலும் வாப்பா வாங்கிய வண்டிக்கு அந்தக் கதவை இப்போதே அடைத்துவிட வேண்டுமா என்று வீட்டில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.

ஆகவே, சாலையில் ஓட்ட வேண்டுமானால் பத்மினிக்குப் பத்மினி என்ஜின் என்பதே என் பரிந்துரை. ஜிப்சி என்ஜின்தான் வேண்டும் என்றால் ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி மதுரையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்மினியைத் தயாரித்த பிரீமியர் கம்பெனியே தன் 118என்இ காரில், ஃபியட் 124 பாடிக்குள் நிசானின் 1171 சி.சி. என்ஜினை வைத்து விற்றது. அம்பாசடரும் கான்டெசாவும் இசூசு என்ஜினோடு வந்தன. அவர்கள் என்ஜினோடு கிளட்ச், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, அந்த வடிவத்துக்கே அரசு அனுமதி வாங்கினார்கள். ஒரே ஒரு வண்டிக்கு நீங்கள் அந்த நடைமுறைக்குப் போவது கட்டுப்படியாகாது.

அடுத்து, உங்கள் பழைய என்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? நீங்கள் சொல்லும் அறிகுறியில் ஒரு துப்பு இருக்கிறது. நின்று கொண்டிருக்கும்போது சூடேறினால் ஃபேன், பெல்ட், டைமிங் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டத்தில், அதுவும் 30, 40 கிலோமீட்டர் தாண்டி ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தண்ணீர் சுழற்சிக் குறைவு. நம் கரையோரத்தில் இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. வண்டிக்கு இத்தனை வருடம் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? வீட்டு போர் தண்ணீர் என்றால் அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் பிளாக்கின் பின்பக்கம் நாலாம் சிலிண்டரைச் சுற்றியும் கெட்டிப்பட்டிருக்கும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே நின்றால் முதலில் அரிபடுவது ஹெட்டில் உள்ள தண்ணீர்த் துளைகளின் விளிம்பு.

சோதனை எளிது. என்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, ஃபேனுக்குக் கை போகாதபடி ரேடியேட்டர் முகப்பைத் தடவிப் பாருங்கள். மேலே கொதித்து, நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த இடங்களில் குழாய் அடைத்திருக்கிறது. மேல் டேங்கைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கோர் போட வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வெல்ஷ் பிளக்குகளை (தண்ணீர் அறையை அடைக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து உள்ளே சுரண்டிப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள், திரும்பப் போடுங்கள்.

ஆயிலுக்குக் கம்ப்ரஷன் சோதனை. நாலு பிளக்கையும் கழற்றி, பிளக் துளையில் அழுத்தம் பார்க்கும் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, செல்ஃப் அடித்து நாலு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் கைடைச் சந்தேகியுங்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங் என்று முழு வேலை செய்தாலும் மாற்று என்ஜினுக்கு ஆகும் மொத்தச் செலவைத் தொடாது. மதுரையில் இந்த என்ஜினுக்கு வேலை தெரிந்த கைகள் இன்னும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஜிப்சி என்ஜின்தான் என்றால், என்ஜினுக்கு முன்னால் இரும்பைப் பாருங்கள். பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். என்ஜின் எடையும் சஸ்பென்ஷன் உதறலும் முன்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்களான லாங் மெம்பர்களில்தான் இறங்குகின்றன. 40 வருடம் கீழக்கரைக் காற்றில் நின்ற வண்டி, இடையில் தனுஷ்கோடிக்கும் போய் வந்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அங்கே சாலையில் பறக்கும் ஈர மணல் கீழ்ப்பக்கப் பெட்டி வடிவ இடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பழைய ஸ்க்ரூடிரைவரால் லாங் மெம்பரின் அடிப்பக்கம், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் சேரும் இடம், பேட்டரி தட்டுக்குக் கீழே, பெடல் பக்கத்து ஃப்ளோர், ஜாக்கி வைக்கும் இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடம் பட்டி வைத்தது. லாங் மெம்பரில் விரல் அழுத்தத்துக்கே நெளியும் இடம் ஒன்று இருந்தாலும் என்ஜின் பேச்சை நிறுத்திவிட்டு டின்கரிங் செய்ய வேண்டும்.

படகு மெக்கானிக்கின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், அலைன்மென்ட் விஷயத்தில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து லேத் ஆட்கள் கார் மெக்கானிக்குகளைவிட நுணுக்கமானவர்கள். ஆனால் படகில் என்ஜின் உட்காருவது கனமான மரத்திலும் தடித்த இரும்பிலும். அந்தப் பழக்கத்தில் 6 மி.மீ. பிளேட்டை எடுத்து, காரின் மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங்கால் சுற்றிலும் அடைத்துவிடுவார்கள். பிளேட் அசையாது, அதன் விளிம்பை ஒட்டிய தகடு சில மாதத்தில் வெடிக்கும். வேண்டியது 2.5 அல்லது 3 மி.மீ. பிளேட், முனைகள் சரிவாகக் குறுகி முடியும்படி வெட்டியது. மிக் வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி. பிளேட்டில் 8 மி.மீ. துளைகள் போட்டு அவற்றை நிரப்பும் பிளக் வெல்டும், விளிம்பில் விட்டு விட்டு 25 மி.மீ. தையலும் போதும். லாங் மெம்பர் வழியாக போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய் ஸ்லீவ் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்கும்போது பெட்டி நசுங்கும். வெல்டு ஆறியதும் ஜிங்க் பிரைமர், உள்பக்கம் கேவிட்டி வேக்ஸ். இதை மறந்தால் இந்த ஊரில் வெல்டு அடித்த இடம்தான் முதலில் போகும்.

என்ஜின் வாங்கும்போது, கூடவே வர வேண்டியவற்றைச் சொல்கிறேன்: கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், கிளட்ச் செட், செல்ஃப், ஆல்டர்னேட்டர், எல்லா மவுண்டிங் பிராக்கெட்டும், ஏர் ஃபில்டர் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), வெட்டாத முழு வயரிங், ரிலே பாக்ஸ், ஆக்ஸிஜன் சென்சாரோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வயரை நடுவில் கத்தரித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதை ஒட்டவைக்கும் கூலியில் பாதி என்ஜின் வாங்கலாம். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள வண்டியின் ஈசியூ என்றால் அதன் சாவியும் உரிய பாகங்களும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரஷன் 170 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விட்டுவிடுங்கள். பில்லில் என்ஜின் எண் இருக்க வேண்டும். உடைத்த வண்டியின் ஆர்.சி. ரத்துச் சான்று நகலும் வேண்டும். காகிதம் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் முன் பின் ஆயில் சீல்கள், கிளட்ச் ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் என்ஜின் தரையில் இருக்கும்போதே புதிதாக மாற்றிவிடுங்கள்.

பழைய என்ஜினைத் தூக்குவதற்கு முன், நாலு வீல் ஆர்ச்சிலிருந்தும் தரைக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். ஜிப்சி என்ஜினின் பிளாக் அலுமினியம். பத்மினியின் இரும்பு பிளாக்கைவிட எடை குறைவு. முன்பக்கம் எழும்பினால் வீல் அலைன்மென்ட் மாறும். ஸ்பிரிங்கைச் சரிசெய்ய இந்தக் கணக்கு வேண்டும்.

உட்கார வைத்துப் பார்ப்பது பொறுமையான வேலை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தபடி தொங்கவிட்டு, என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே 20 மி.மீ., ஸ்டியரிங் பாக்ஸுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே 40 மி.மீ. இடைவெளி கிடைக்கிற இடத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வெட்ட வேண்டியது சம்ப்பை; கிராஸ் மெம்பரில் கை வைக்கவே கூடாது, முன் சஸ்பென்ஷன் அதில்தான் நிற்கிறது. சம்ப்பை வெட்டினால் ஆயில் உறிஞ்சும் வலைக்கும் அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளி பழையபடியே இருக்க வேண்டும், கொள்ளளவும் குறையக் கூடாது. என்ஜின் பின்பக்கம் 3, 4 டிகிரி தாழ்ந்திருக்கட்டும். ரப்பர் மவுண்டிங் ஜிப்சியுடையதையே பயன்படுத்துங்கள். புள்ளி வெல்டு மட்டும் வைத்து, எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, பானட்டை மூடிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டு.

கியர் விஷயத்தில் பத்மினிக்காரர்கள் எதிர்பாராத இரண்டு மாற்றங்கள் வரும். ஒன்று, ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர் போய்விடும். ஜிப்சியின் கியர் லிவர் நேரே பெட்டியின் மேலிருந்து எழுகிறது. ஃப்ளோரை வெட்டி, வெட்டிய விளிம்பைச் சுற்றித் தகடு மடித்துப் பலப்படுத்த வேண்டும். முன் பெஞ்ச் சீட் லிவரை இடித்தால் தனித்தனி சீட்தான். இரண்டாவது ஸ்பீடோமீட்டர். ஜிப்சியில் கியர்பாக்ஸும், ஓட்டத்தை நாலு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். உங்களுக்கு நாலு சக்கர ஓட்டம் தேவையில்லை என்பதால் டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டுவிட்டு, பின் அச்சுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் பத்மினியின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நேரே கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சில் கொடுத்துவிடலாம். இதுதான் இந்தப் பெட்டியின் வசதி. ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்குவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து. அது போனால் முள் செத்துவிடும். ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் காந்த சென்சார் வைத்து எலக்ட்ரானிக் மீட்டர் போடுங்கள்.

ஷாஃப்ட்டை ராமநாதபுரத்தில் வெட்டிச் சேர்த்துவிடலாம். பேலன்ஸிங் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் முடிக்காமல் மாட்டாதீர்கள். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச் நகராத வகை. பின் அச்சு மேலும் கீழும் ஆடும்போது நீளம் மாற வேண்டும் என்பதால் ஷாஃப்ட்டிலேயே வழுக்கும் ஜாயிண்ட் வேண்டும், ஆள் ஏற்றிய நிலையில் இரண்டு பக்கமும் 20 மி.மீ. ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் கோடும், பின் அச்சு நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் பினியன் கோடும் இணையாக இருக்கட்டும். யுனிவர்சல் ஜாயிண்ட் வேலை செய்யும் கோணம் 3 டிகிரியைத் தாண்டினால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஃப்ளோர் அதிரும். ஜாயிண்ட் கெட்டதென்று புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், கோணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிஃபரன்ஷியல் விகிதம் பார்க்கத் திறக்க வேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதை 2 சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். 4.3 என்று வந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.87 மீட்டர் உருளும் கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு நாலாம் கியரில் என்ஜின் 3,070 சுற்று. ஜிப்சியின் ஐந்தாம் கியர் 0.795, அதில் 2,440. பரமக்குடிக்கு அப்பால் நாலு வழிச் சாலையில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். முதல் கியரில் வேகமாகக் கிளட்ச் விடும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் பின் அச்சை உடைத்துக்கொள்வார்கள்.

கிளட்ச் ஜிப்சியில் கேபிள். பத்மினி பெடலில் கேபிளைப் பிடிக்க லிவர் செய்யும்போது ரிலீஸ் ஃபோர்க் எவ்வளவு நகர வேண்டுமோ அந்த அளவுக்கு லிவர் நீளத்தைக் கணக்குப் பாருங்கள். நீளம் கூடினால் பெடல் கல்லாகக் கனக்கும், குறைந்தால் கிளட்ச் முழுக்க விடாமல் கியர் கத்தும்.

பெட்ரோல் லைனில் சிக்கனம் வேண்டாம். பழைய என்ஜினுக்கு மெக்கானிக்கல் பம்ப், அழுத்தமே இல்லாத மாதிரி. எம்பிஎஃப்ஐக்கு இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தம். சைக்கிள் கடை ரப்பர் குழாயும் ஸ்க்ரூ கிளிப்பும் சூடான மேனிஃபோல்டுக்கு மேலே தெறித்தால் வண்டி மிஞ்சாது. இன்ஜெக்‌ஷனுக்கென்று விற்கும் ஹோஸ், அதற்கேற்ற கிளாம்ப், டேங்க்குக்குத் திரும்பும் இன்னொரு லைன், அழுத்தத்துக்கான ஃபில்டர், விபத்தில் பம்ப்பை நிறுத்தும் ஸ்விட்ச் வேண்டும். டேங்க்கில் உள்ள துருவைச் சுத்தம் செய்யாமல் பம்ப் போட்டால் பம்ப்தான் சுத்தம் செய்யும், தன் உயிரைக் கொடுத்து. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கரைத்து ஊறவைக்கும், டேங்க்கில் ஈரத்தை இழுக்கும். நீங்கள் பழைய என்ஜினையே வைத்துக்கொண்டாலும் ஹோஸ்களையும் பம்ப் டயஃப்ரமையும் மாற்ற வேண்டும்.

கூலிங்தான் இந்த ஊரில் இந்த மாற்றத்தைக் கொல்வது. அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட். ஒரே ஒரு முறை தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் ஹெட் வளையும். பத்மினியின் பழைய பித்தளை ரேடியேட்டரில் 0.9 பார் மூடியைப் போட்டால் ஈய ஒட்டு பிளந்துகொள்ளும். ஜிப்சி ரேடியேட்டரையே பொருத்துங்கள், அல்லது புதுக் கோர் போட்டு 1 பாரில் சோதித்து வாங்குங்கள். தெர்மோ ஸ்விட்சோடு எலக்ட்ரிக் ஃபேன், ரிலே வழியாக. கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். வழியில் குறைந்தால் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றலாம். உச்சிப்புளி பக்கத்துத் தெருக்குழாயில் பிடித்து ஊற்றாதீர்கள்.

வயரிங்கில் ஈசியூவை பானட்டுக்குள் வைக்காதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, ஃப்ளோரிலிருந்து உயரமாக. பம்ப், ஃபேன், ஈசியூ மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். என்ஜினிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரிக்கும் 16 சதுர மி.மீ. செம்புப் பின்னல் எர்த். எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கேபிள் வழியும் தண்ணீர் வழியும் திரும்பப் பார்க்கும். அலுமினியம் பொடிந்து வரும். இந்த இடத்தில் உங்கள் படகு மெக்கானிக் உதவுவார்: படகு வயரிங்குக்கு வாங்கும் ஈயம் பூசிய செம்பு வயரும், தண்ணீர் புகாத கனெக்டரும் காருக்கும் அருமையானவை. சாதா வயர் நம் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

பத்மினி என்ஜின் சுமார் 40 குதிரைத் திறன், ஜிப்சி என்ஜின் 80. பிரேக் அப்படியே நாலு டிரம். வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள். ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் என்றால் இரட்டைக்கு மாற்றுவது நல்லது, பூஸ்டரும் வைக்கலாம். கடற்கரை ஈரத்தில் பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் என்ஜினை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் நான் அந்த வேலையை எடுக்க மாட்டேன்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே. 100 கிலோமீட்டரிலும் 500-லும் மவுண்டிங் போல்ட், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட் முறுக்கைப் பார்த்து, வெல்டு ஓரங்களில் பெயிண்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டு வெடிப்பு முதலில் பெயிண்ட்டில் முடிபோன்ற கோடாகத்தான் வரும்.

ஏ.சி. பற்றி: பழைய 1089 சி.சி. என்ஜினில் கம்ப்ரஸர் ஓடும், ஆனால் நாலு பேரோடு பாம்பன் பாலம் ஏறும்போது அணைத்துவிடத் தோன்றும். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறிக்கும், ஆகவே கூலிங்கைச் சரிசெய்யாமல் ஏ.சி.யைத் தொடாதீர்கள். ஜிப்சி என்ஜினுக்கே போவதானால் கம்ப்ரஸர் பிராக்கெட்டையும் அதன் புல்லியையும் என்ஜினோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு லேத்தில் செய்து கொடுக்கும் பிராக்கெட் அரை மி.மீ. கோணினாலும் பெல்ட் மாதம் ஒன்று தின்னும்.